அழுத்திப் பொருத்தும் சிறு செருகிகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், வடக்குக் கரையிலே தொழில் செய்யும் கடற்றொழிலாளர் ஒருவர் சிறு கருவி ஒன்றைத் துணியிலே பொதிந்து என்னிடங் கொண்டுவந்தார். செய்மதிகளிலிருந்து வரும் அலைகளைப் பெற்று, படகு நிற்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி அது. "தம்பி, கரையில நல்லா வேலை செய்யுது, கடலுக்குள்ள போய் எஞ்சினை முடுக்கினா கண்ணை மூடிக்கொள்ளுது. புதுசு வாங்கத்தான் வேணுமோ?" என்று கேட்டார்.

அவருடைய குரலிற் பணக்கவலை மாத்திரம் இருக்கவில்லை. பாக்கு நீரிணைப் பகுதியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு 1974ஆம் ஆண்டிலே உடன்படிக்கை மூலம் வகுக்கப்பட்டது. அக்கோடு வரைபடத்தில் உண்டு, நீரின்மேல் இல்லை. இருள் சூழ்ந்த வேளையிலே தம் படகு கோட்டுக்கு இப்பால் நிற்கின்றதா, அப்பால் நிற்கின்றதா என்பதை அவருக்குச் சொல்ல அந்தச் சிறு கருவியே துணை. அது வாய் மூடினால் நேரக்கூடியது சிறைவாசமாகவும் இருக்கலாம். படகை இழத்தலாகவும் இருக்கலாம்.

கருவியைச் சோதித்தேன், பழுதில்லை. படகின் கூரைமேல் இருந்த ஏரியலைச் சோதித்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது. குற்றம் இரண்டுக்கும் நடுவிலே இருந்தது. கூரையிலிருந்து இறங்கும் வயரின் நுனியில், ஒரு கடலைப் பருப்பை ஒத்த பருமனுடைய பொன்னிறச் செருகி ஒன்று உண்டு. அச்செருகி கருவியின் துவாரத்துள் முற்றாகப் புகாமல் அரைவாசியே புகுந்திருந்தது. கரையிலே அசைவில்லாதபோது உள்ளூசி எப்படியோ தொட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் அதிர்ந்ததும் தொடுகை விட்டது. கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அச்செருகியின் விலை மிகச் சொற்பம். ஆயினும் அது தன் கடமையைக் கைவிட்டபோது கருவி முழுவதும் பயனற்றுப் போயிற்று.

இச்செருகியைப் பற்றியும், இதன் இனத்தைச் சேர்ந்த ஏனைய செருகிகளைப் பற்றியும், அவற்றுள் எதனை எங்கே தெரிவு செய்தல் வேண்டும் என்பது பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதற்கண் வயரைப் பார்ப்போம். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கூரையிலிருந்து வரும் 'அன்ரனா வயர்' எல்லோரும் அறிந்ததே. அதனைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவிலே ஒரு செப்புக் கம்பி தெரியும். அதனைச் சூழ்ந்து வெண்ணிறக் காவற்பொருள் இருக்கும். அதற்கு மேலே பாய் பின்னியதுபோல் மெல்லிய கம்பிகளாற் பின்னிய உறை ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் வெளியே கருநிறத் தோல். நடுக்கம்பிக்கும் வெளியுறைக்கும் அச்சு ஒன்றே. ஆதலால் இதனை ஓரச்சு வடம் என்பர். அலை செல்வது கம்பிக்கும் உறைக்கும் இடைப்பட்ட அந்தக் காவற்பொருளினூடாகவே. வெளியுறை ஒரு மதில்போல் நின்று, உள்ளே செல்லும் அலை புறத்தே சிந்தாமலும், புறத்தே திரியும் அலைகள் உள்ளே புகாமலும் காக்கின்றது.

மின்விளக்கு வயர்களை முறுக்கி ஒட்டுவதுபோல் இவ்வடத்தையும் முறுக்கி ஒட்டினால் என்ன என்று சிலர் வினவலாம். ஓர் உவமை கூறுகிறேன். மெல்லிய கயிறு ஒன்றையும் தடித்த வடக்கயிறு ஒன்றையும் முடிச்சிட்டு நீளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிற்றின் நுனியை ஒருமுறை உதறுங்கள். அலை ஓடிச் சென்று முடிச்சை அடைந்ததும் ஒரு பகுதி தடித்த கயிற்றிலே தொடர்ந்து செல்லும். ஒரு பகுதி திரும்பி உங்கள் கைக்கே வரும். கயிற்றின் இயல்பு மாறும் இடத்தில் அலை திரும்பும். ஓரச்சு வடத்திலும் இதுவே நிகழ்கின்றது. நடுக்கம்பியின் பருமனுக்கும் வெளியுறையின் அகலத்துக்கும் உள்ள விகிதமும், இடையிலுள்ள காவற்பொருளின் தன்மையும் சேர்ந்து வடத்துக்கு ஓர் இயல்பைத் தருகின்றன. அதனைத் தடங்கல் என்கிறோம். ஓம் என்னும் அலகினால் அளக்கிறோம். தொலைக்காட்சி ஏரியல் வடத்துக்கு 75 ஓம். வானொலித் தொடர்புக் கருவிகள், ஜி.பி.எஸ்., வைஃபை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 50 ஓம்.

இவ்விரண்டு எண்களும் காரணமின்றி வந்தவை அல்ல. உள்ளே காற்றையே காவலாகக் கொண்ட வடத்தில் அலை மிகக் குறைவாகத் தேய்வது ஏறத்தாழ 77 ஓமில். மிகுந்த வலுவைத் தாங்குவது ஏறத்தாழ 30 ஓமில். மெலிந்த அலையைப் பெறுவதே நோக்கமாகிய தொலைக்காட்சிக்கு 75 பொருந்திற்று. அனுப்புதல், பெறுதல் ஆகிய இரண்டையும் கருதியவர்கள் இடையிலுள்ள 50ஐக் கைக்கொண்டனர்.

வடங்களை இணைக்கும் செருகியும், அச்செருகியை ஏற்கும் குதையும் இந்த விகிதத்தைக் குலைக்காமல் அமைதல் வேண்டும். அதனாலேயே இவற்றின் உள்ளூசி, காவற்பொருள், வெளிவளையம் ஆகிய மூன்றும் மிக நுண்ணிய அளவுகளிற் கடைந்தெடுக்கப்படுகின்றன. 50 ஓம் வடத்தோடு 75 ஓம் வடத்தை இணைத்தால், அந்த எல்லையிலே அலையின் வலுவில் நூற்றுக்கு 4 பங்கு திரும்பிவிடும். வீட்டிலே படம் பார்ப்பவருக்கு இது பெருநட்டம் அன்று. ஆனால், அளவுகருவியைக் கையாளும் ஒருவருக்கு அது பிழையான அளவைத் தரும்.

இனி, செருகி எவ்வளவு சிறியதாக இருத்தல் வேண்டும் என்னும் கேள்விக்கு வருவோம். இதற்கு விடை சொல்வது அலையின் நீளம். அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றதோ அதனை மீடிறன் என்கிறோம். மீடிறன் கூடக்கூட அலைநீளம் குறையும். பண்பலை ஒலிபரப்பு நடைபெறும் 100 மெகாஹேட்சிலே அலைநீளம் 3 மீற்றர். ஜி.பி.எஸ். கருவிகள் முதன்மையாகப் பயன்படுத்தும் 1575.42 மெகாஹேட்சிலே ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர். 6 கிகாஹேட்சிலே, அதாவது 6000 மெகாஹேட்சிலே, 5 சென்ரிமீற்றர். 40 கிகாஹேட்சிலே ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு, 7.5 மில்லிமீற்றர் மாத்திரமே.

ஒரு சென்ரிமீற்றர் நீளமான செருகியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மெகாஹேட்ஸ் அலைக்கு அது தன் நீளத்தில் 300இல் ஒரு பங்கு. நெடுஞ்சாலையிற் செல்லும் பாரவூர்திக்கு ஒரு கூழாங்கல் எப்படியோ அப்படி. அதே செருகி 6 கிகாஹேட்ஸ் அலைக்குத் தன் நீளத்தில் 5இல் ஒரு பங்கு; ஆங்கே அது கூழாங்கல் அன்று, குன்று. ஆகவே மீடிறன் உயர்ந்தால் செருகி சிறுத்தல் வேண்டும். செம்மையும் மிகுதல் வேண்டும். குறைந்த மீடிறனிலோ, செருகி அளவிலே சற்றுப் பிசகினாலும் அலைக்குத் தெரியாது. ஏரியல் நன்றாக வேலை செய்கின்றதே, ஆகவே செருகியும் நல்லதே என்று பலர் எண்ணுவதற்கு இதுவே காரணம்.

செருகியைக் குதையோடு பிணைத்து வைப்பதற்கு முறைகள் மூன்று. ஒன்று திருகாணி முறை: எஸ்.எம்.ஏ. என்னும் இனம் இதற்கு உதாரணம். திருகி இறுக்கியபின் எளிதில் அசையாது. மற்றொன்று கால்வட்டம் திருப்பிப் பூட்டும் முறை: பி.என்.சி. என்னும் இனம். அதன் பெயரிலுள்ள கடைசி இரண்டு எழுத்துக்கள் நீல், கொன்செல்மன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவரைக் குறிப்பன. மூன்றாவது, நாம் இன்று எடுத்துக்கொண்ட முறை: நேரே வைத்து அழுத்தினாற் பொருந்தும், இழுத்தாற் கழன்றுவிடும்.

திருகாணி உறுதியானது என்றால் எல்லாவற்றையும் திருகாணியாகவே செய்தால் என்ன? அதற்கு இடம் வேண்டும். திருகுவதற்கு விரலோ சாவியோ செருகியைச் சுற்றிவர வேண்டும் அல்லவா? நகத்தளவு இடைவெளியில் பத்துச் செருகிகள் வரிசையாக நிற்கும் கருவிகளிலே விரல் எப்படி நுழையும்? அன்றியும், ஒரு தொழிற்சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான கருவிகளைப் பூட்டுவோர்க்கு, திருகுவதற்குச் செல்லும் ஒவ்வொரு செக்கனும் செலவே. ஆகவே அழுத்திப் பொருத்தும் இனம் பெருகிற்று. அது தரும் வசதிக்கு ஈடாக நாம் ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம். திருகாணியிற் பிணைப்பைத் தாங்குவது மரை. இதிலோ, பிணைப்பைத் தாங்குவது மெல்லிய வில்லுத் தகடு. பெரிலியம் கலந்த செப்பினால் அதனைச் செய்து பொன் முலாம் பூசுவர். அத்தகட்டின் வில்லுத்தன்மை எவ்வளவோ, செருகியின் உறுதியும் அவ்வளவே. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் தெரிவு செய்வது எளிதாகிவிடும்.

இவ்வினத்தில் நம் வீடுகளுக்கு மிகப் பழக்கமானது தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலே செருகும் செருகி. இதனை பெல்லிங்-லீ செருகி என்பர். இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த பெல்லிங் அண்ட் லீ நிறுவனத்தில் 1922ஆம் ஆண்டளவில், அந்நாட்டில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய காலத்தில், இது தோன்றிற்று. நூறு ஆண்டுகளைக் கடந்தும் வழக்கில் இருக்கும் இச்செருகியிற் பூட்டு எதுவும் இல்லை. உராய்வு ஒன்றே பிடித்து நிற்கின்றது. சுவரோரம் அசையாது நிற்கும் பெட்டிக்கு அது போதும்.

சிறிய செருகிகளுள் மூத்தது 1960களில் வந்த எஸ்.எம்.பி. இங்கே 'பி' என்பது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. இதன் வில்லுத் தகடுகளில் ஒரு மேடும், எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளமும் உண்டு. அழுத்தும்போது மேடு பள்ளத்துள் விழும். 'டக்' என்ற ஓசை விரலுக்கும் செவிக்கும் தெரியும். 4 கிகாஹேட்ஸ் வரை இது பயன்படும். தொலைபேசி நிலையக் கருவிகளிலும் அளவுகருவிகளின் உட்புறத்திலும் இதனைக் காணலாம். இதே செருகியைத் திருகாணியோடு செய்தால் அது எஸ்.எம்.சி. எனப்படும்.

1980களிலே ஐரோப்பாவிலிருந்து வந்தது எம்.சி.எக்ஸ். எஸ்.எம்.பி.யின் உள்ளூசியும் காவற்பொருளும் எந்த அளவோ அதே அளவை வைத்துக்கொண்டு, வெளிவளையத்தை மாத்திரம் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு சிறிதாக்கினார்கள். 6 கிகாஹேட்ஸ் வரை செல்லும். கணினியிலே செருகித் தொலைக்காட்சி பார்க்க உதவும் சிறு பெறுவான்களிலும், கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளிலும் இதனைக் காணலாம். நம்முடைய கடற்றொழிலாளர் கொண்டுவந்த கருவியில் இருந்ததும் இதுவே.

இதனிலும் சிறியது எம்.எம்.சி.எக்ஸ். இதுவும் 6 கிகாஹேட்ஸ் வரை பயன்படும். பொருந்திய நிலையிலேயே வட்டமாகச் சுழலவல்லது. ஆதலால் வயர் முறுக்குண்டாலும் சாலகத்தின் மேல் நெருக்குதல் குறையும். காதுக்குள் வைத்துப் பாட்டுக் கேட்கும் விலையுயர்ந்த கருவிகள் சிலவற்றில், வயரைக் கழற்றி மாற்றுவதற்கு இச்செருகியையே அமைத்திருக்கிறார்கள். அங்கே செல்வது வானொலி அலை அன்று, செவிக்குரிய மின்னோட்டமே. ஆகவே தடங்கல் கணக்கு அங்கே வேண்டாம். ஆனால், நாள்தோறும் காதோரம் சுழன்று தேய்வது அதன் வில்லுக்கு ஒரு சோதனை. நாட்சென்றபின் ஒரு காதிலே பாட்டு விட்டுவிட்டுக் கேட்பதாகச் சிலர் முறையிடுவதற்கு இத்தேய்வும் ஒரு காரணமாகலாம்.

இவையாவற்றிலும் தாழ்ந்து தட்டையாய் இருப்பது யப்பானிய நிறுவனமாகிய ஹிரோசேயின் யூ.எஃப்.எல். சுற்றுப்பலகையின் மேல் பொருந்திய பின்னும் அதன் உயரம் 2.5 மில்லிமீற்றருக்கு மேற்படாது. மடிக்கணினியின் உள்ளே வைஃபை ஏரியலின் மெல்லிய வயர் வந்து சேர்வது இதுபோன்ற செருகியிலேதான். இதனைச் செய்த நிறுவனம் இதற்கு விதித்த ஆயுள் எவ்வளவு தெரியுமா? 30 முறை. அதாவது 30 தடவை பூட்டிக் கழற்றலாம். அதற்கு மேல் உறுதி இல்லை. எஸ்.எம்.பி., எம்.சி.எக்ஸ்., எம்.எம்.சி.எக்ஸ். ஆகியவற்றுக்கோ பொதுவாக 500 முறை சொல்வார்கள். யூ.எஃப்.எல். தாழ்ந்த தரத்தது என்று இதனாற் கொள்ளலாகாது. தொழிற்சாலையில் ஒருமுறை பூட்டி, பழுதுபார்க்கும்போது இரண்டொரு முறை கழற்றும் வேலைக்கென்றே அது பிறந்தது. ஆய்வுமேசையிலே நாளுக்கு நான்குமுறை அதனைக் கழற்றிப் பூட்டுபவர், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதன் ஆயுளை முடித்துவிட்டுச் செருகியைக் குறை கூறுகிறார்.

இனி, மிக உயர்ந்த மீடிறனுக்குரிய ஒன்று. அமெரிக்காவில் கில்பேட் என்னும் நிறுவனம் ஜி.பி.ஓ. என்ற பெயரில் வெளியிட்டது. இப்பொழுது பொதுவாக எஸ்.எம்.பி. என்றே வழங்குகின்றது. இங்கே 'பி' என்பது ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து. நேயர்களே, இவ்விடத்திற் சற்று நின்று கவனித்தல் வேண்டும். முன்னர் கூறிய எஸ்.எம்.பி. வேறு, இந்த எஸ்.எம்.பி. வேறு. நம் எழுத்திலே இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தொலைபேசியிலே சொன்னால் ஆங்கிலத்திலும் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆனால் முதலாவது 4 கிகாஹேட்ஸுக்கு உரியது. இரண்டாவது 40 கிகாஹேட்ஸுக்கு உரியது. ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. கடைக்குத் தொலைபேசியிற் சொல்லி அனுப்பியவர், பிழையான பொதியைத் திறந்து பார்த்துத் திகைத்தல் இவ்வாறே நிகழ்கின்றது. ஆகவே பெயரைச் சொல்லும்போது மீடிறனையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் இப்பேச்சில் இரண்டாவதை ஜி.பி.ஓ. என்றே குறிப்பிடுகிறேன்.

ஜி.பி.ஓ. செருகியில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. செருகி ஒன்றே, குதையோ மூவகை. ஒருவகைக் குதையிற் பள்ளம் ஆழமானது, பிடிப்பு வலியது, ஆனால் 100 முறையே கழற்றலாம். இரண்டாம் வகையிற் பள்ளம் ஆழங் குறைந்தது. 500 முறை கழற்றலாம். மூன்றாம் வகையிற் பள்ளமே இல்லை. வழுவழுப்பான குழல் மாத்திரம். பிடிப்பு மிகக் குறைவு. ஆனால் 1000 முறை கழற்றலாம். வலிய பிடிப்பும் நீண்ட ஆயுளும் ஒருங்கே கிடைப்பதில்லை என்னும் உண்மையை இம்மூன்று குதைகளும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டுகின்றன. எது வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், எதனைத் தெரிவு செய்வது என்று நீங்கள் வினவுவீர்கள். நான்கு வினாக்களை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுதல் போதும்.

முதலாவது, மீடிறன் எவ்வளவு, தடங்கல் எவ்வளவு? 50க்கும் 75க்கும் செய்யப்பட்ட செருகிகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றக்கூடும். வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். இச்சிறு செருகிகள் மெலிந்த அலைகளுக்கே உரியன என்பதையும் மறத்தலாகாது. மிகுந்த வலுவோடு அனுப்பும் ஒலிபரப்பியை இவற்றோடு இணைத்தால் செருகி சூடேறும். தொடுகை விட்டால் திரும்பும் அலை ஒலிபரப்பியையே வருத்தும்.

இரண்டாவது, எத்தனை முறை கழற்றப்போகிறோம்? ஒருமுறை பூட்டி மூடிவிடுவதாயின் யூ.எஃப்.எல். போதும். மாதமொருமுறை கழற்றுவதாயின் எம்.சி.எக்ஸ். அல்லது எம்.எம்.சி.எக்ஸ். நாள்தோறும் கழற்றுவதாயின் பி.என்.சி. போன்ற பெரிய இனத்துக்குச் செல்லுதல் நன்று.

மூன்றாவது, அசைவும் இழுவையும் உண்டா? உள்ள இடத்தில், வில்லுத் தகடு மாத்திரம் காவல் நிற்றல் போதாது. மோட்டார் வாகனங்களைச் செய்வோர் இதற்கு ஒரு வழி கண்டனர். எஸ்.எம்.பி. செருகியையே உள்ளே வைத்து, அதற்குப் பிளாத்திக்குக் கூடு ஒன்றை அணிவித்து, கூட்டிலே கொளுவியும் அமைத்தனர். ஃபக்ரா என்னும் அச்செருகி, கொளுவியை விரலால் அழுத்தி விடுவித்தாலன்றிக் கழலாது. கூடுகளுக்கு வெவ்வேறு நிறமும் வெவ்வேறு பொருத்து வரிசையும் கொடுத்தமையால், வானொலிக்குரியதை ஜி.பி.எஸ். குதையிற் செருக இயலாது.

நான்காவது, எதிர்ப்பக்கத்தில் இருப்பது எது? கருவியோடு வந்த குதையை நாம் மாற்ற முடியாது. அதற்கு ஏற்ற செருகியையே வாங்குதல் வேண்டும். யூ.எஃப்.எல். போன்று தோன்றும் இன்னும் சிறிய இனங்களும் உள்ளன. புதிய மடிக்கணினிகளில் உள்ள எம்.எச்.எஃப்.4 அவற்றுள் ஒன்று. ஒன்றின் செருகியை மற்றொன்றின் குதையில் வைத்து அழுத்தினால் இரண்டும் கெடும். எஸ்.எம்.பி.யிலே எது ஆண், எது பெண் என்பதிலும் விற்போரிடையே ஒற்றுமை இல்லை. பெயரை நம்பாமல் உள்ளே ஊசி இருக்கின்றதா, துளை இருக்கின்றதா என்று கண்ணாற் பார்த்து வாங்குதல் வேண்டும்.

தெரிவு செய்தபின் கையாளுதல் ஒன்று உண்டு. நேராக வைத்து, ஓசை கேட்கும்வரை அழுத்துக. சாய்த்து அழுத்தினால் வில்லுத் தகடு விரிந்துவிடும். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கலாகாது. செருகியின் உடலைப் பிடித்து நேரே இழுத்தல் வேண்டும். யூ.எஃப்.எல். செருகியைக் கழற்றுவதற்கெனக் கொக்கி போன்ற கருவி ஒன்று உண்டு. அதனால் நேர் மேலே தூக்குதல் முறை. ஓர் இனத்தை மற்றோர் இனத்துக்கு மாற்றும் இடைச்செருகிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. நீளம் கூடக்கூட அது நெம்புகோலாகிக் குதையைப் பெயர்த்துவிடும். கடற்கரையில் வாழ்வோர்க்கு இன்னுமொன்று: பொன் கறுக்காது, ஆனால் அடிக்கடி கழற்றிப் பொன் முலாம் தேய்ந்தால், அடியிலுள்ள உலோகத்தை உப்புக்காற்று அரிக்கும். தேவையின்றிக் கழற்றாமையே அங்கே சிறந்த பராமரிப்பு.

தொடக்கத்திற் கூறிய கடற்றொழிலாளருக்கு வருகிறேன். செய்மதியிலிருந்து நிலத்தை வந்தடையும் ஜி.பி.எஸ். அலையின் வலு, ஒரு வாற்றிலே நூறு கோடி கோடியில் ஒரு பங்களவே. ஏரியலிலுள்ள பெருக்கி அதனை வளர்த்தே அனுப்புகின்றது. ஆனால், அப்பெருக்கிக்குரிய மின்சாரமும் அதே வடத்தின் வழியாகவே கருவியிலிருந்து மேலே செல்கின்றது. செருகி அரைவாசி கழன்றபோது அலையும் நின்றது, பெருக்கியும் உறங்கிற்று. கருவி கண்ணை மூடியதன் காரணம் இதுவே.

புதிய கருவி வாங்க வேண்டாம் என்று சொன்னேன். கருவியிலுள்ள எம்.சி.எக்ஸ். குதையை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. ஒரு சாண் நீளமான மெல்லிய வடத்துண்டு ஒன்றை எடுத்து, ஒரு நுனியிலே எம்.சி.எக்ஸ். செருகியும், மறுநுனியிலே திருகாணிச் செருகியும் அமைத்தோம். மெல்லிய நுனியைக் கருவியில் 'டக்' என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தினோம். திருகாணி நுனியைப் படகின் கூண்டுச் சுவரிலே பட்டியிட்டு இறுக்கினோம். கூரையிலிருந்து வரும் தடித்த வடம் அத்திருகாணியோடு முடிந்துவிடும். அதன் பாரமும் இழுவையும் சுவருக்கே உரியன. சிறு செருகிக்கு அல்ல. கருவியைக் கரைக்குக் கொண்டுவர வேண்டுமானாலும் திருகாணியைக் கழற்றி வடத்துண்டோடே கொண்டுவரலாம், எம்.சி.எக்ஸ். செருகியைத் தொட வேண்டியதில்லை.

சில வாரங்களின் பின் அவரை இறங்குதுறையிற் கண்டேன். "எப்படி, அண்ணை?" என்றேன். "எஞ்சின் என்ன ஆட்டம் ஆடினாலும் இப்ப அது கண் மூடுறதில்லை, தம்பி" என்றார்.

ஆகவே, நேயர்களே, இச்செருகிகளுள் எது சிறந்தது என்று கேட்பதிலே பயனில்லை. இந்த இடத்தில் இதன் வில்லு எதனைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அலையைக் கடத்தும் வேலையைச் செருகிக்குக் கொடுங்கள். பாரத்தைத் தாங்கும் வேலையைப் பட்டிக்கும் திருகாணிக்கும் கொடுங்கள். உங்கள் வீட்டிலே படம் மங்கினாலோ, வானொலி கரகரத்தாலோ, பெட்டியைப் பழுது என்று ஒதுக்குவதற்கு முன் அதன் பின்புறஞ் சென்று செருகியை ஒருமுறை நேராக அழுத்திப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதுமானதாயிருக்கும்.